நஞ்சுக்கொடியின் தடிமனை வைத்துப் பிறப்பு எடையைச் சொல்ல முடியுமா?

கேள்வி: வெண்மதி (ரேடியாலஜி, முதுநிலை இறுதி ஆண்டு)

எல்லோருக்கும் வணக்கம். என் ஆய்வேடு நஞ்சுக்கொடியைப் பற்றியது. ஸ்கேனில் அளந்த தடிமனை வைத்து, பிறக்கப்போகும் குழந்தையின் எடையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் தலைப்பு. ஒன்றரை வருடமாக அளந்து வருகிறேன். இப்போது எழுதி முடிக்க வேண்டிய நேரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் செய்தது இதுதான். 24 முதல் 38 வாரம் வரை ஸ்கேனுக்கு வந்த தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டேன். தொப்புள்கொடி நஞ்சுக்கொடியில் வந்து சேரும் இடத்தில் தடிமனை அளந்தேன். கூடவே தலை விட்டம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம். இவற்றை ஹாட்லாக் சூத்திரத்தில் போட்டு அன்றைய எடை மதிப்பீடு. முன்னதாக வந்தவர்களை 36 வாரத்தை ஒட்டி மறுபடி ஒருமுறை அளந்தேன். பிரசவத்துக்குப் பிறகு பதிவேட்டிலிருந்து குழந்தையின் எடையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் தடிமனையும் அதே நாளில் மதிப்பிட்ட எடையையும் வைத்துப் பார்த்தபோது ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.88 வந்தது. கைடுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். அப்புறம் 36 வாரத் தடிமனை உண்மையான பிறப்பு எடையோடு வைத்துப் பார்த்தேன். 0.41. மூன்று முறை தரவைச் சரிபார்த்தேன், தட்டச்சுப் பிழை எதுவும் இல்லை.

இதை எண்ணோடு விட்டுவிடலாம், ஆனால் இரண்டு தாய்மார்கள் மனதை விட்டுப் போக மறுக்கிறார்கள். ஒருவருக்கு 36 வாரத்தில் தடிமன் 45 மில்லிமீட்டர். குழந்தையின் எடை மதிப்பீடு 10ஆவது சதமானத்துக்கு (அதே வாரத்துக் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் இதற்குக் கீழே இருப்பார்கள்) சற்று மேலே, எல்லைக்கோட்டில் நின்றது. "குழந்தைக்கு ஊட்டம் போதுமா டாக்டர்?" என்று அவர் கேட்டார். நஞ்சுக்கொடி நன்றாகத் தடிமனாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். 38 வாரத்தில் குழந்தை 2150 கிராமில் பிறந்தது, சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. இப்போது நலம். இன்னொருவருக்குத் தடிமன் வெறும் 26 மில்லிமீட்டர். அவரைப் பார்த்து நான் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன். அவருக்குப் பிறந்தது 3420 கிராம்.

வாரம் எத்தனையோ மில்லிமீட்டர் அத்தனை என்றுதான் நமக்குக் கற்றுத் தருகிறார்கள். அந்தக் கணக்கில் 36க்கு 36 இருக்க வேண்டும். ஒன்று மேலே போய்க் குழந்தை சிறுத்தது, ஒன்று கீழே போய்க் குழந்தை கொழுகொழுவென்று வந்தது. பிழை என் அளவையில் இருக்கிறதா, கணக்கில் இருக்கிறதா, இல்லை இந்த எண்ணமே தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழையபுரோப்

வெண்மதி, 25 வருடமாக மகப்பேறு ஸ்கேன் மட்டும் பார்த்து வருகிறேன். மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கை அதில் கைதேர்ந்தவர்கள் பார்க்கட்டும். நான் அளவையிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த 45 மில்லிமீட்டரை எத்தனை முறை அளந்தீர்கள்? முதல் சந்தேகம் கருப்பைச் சுருக்கம். நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துத் தசை சுருங்கினால் உள்பக்கம் மேடாக எழும்பும். திரையில் பார்க்கும்போது அந்தத் தசையும் நஞ்சுக்கொடியும் ஒன்றுபோலத் தெரியும். காலிப்பரை, அதாவது திரையில் அளவெடுக்கும் குறியை, எங்கே வைக்கிறோம் என்று தெரியாமலேயே 10, 15 மில்லிமீட்டர் கூட்டிவிடுவோம். பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872இல் எழுதிய அதே வலியில்லாச் சுருக்கம்தான் இது, தாய்க்கே தெரியாமல் வந்து போகும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேடு இறங்கியிருக்கும். எனவே தடிமன் கூடுதலாகத் தெரிந்த எல்லாத் தாய்மாரையும் கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அவசர நாளில் இது சிரமம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதைச் செய்யாத அளவையை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது கோணம். வயிற்றில் வைக்கும் ஸ்கேன் புரோப் சாய்ந்தால் தடிமன் கூடும், குறையாது. வாழைத்தண்டை நேராக வெட்டுவதற்கும் சாய்த்து வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். தொப்புள்கொடி சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, நஞ்சுக்கொடியின் பரப்புக்குச் செங்குத்தாகக் கோடு போக வேண்டும். குழந்தையைப் பார்த்த பக்கத்தில் தொடங்கி, தாயைப் பார்த்த பக்கத்தில் நஞ்சுக்கொடித் திசு முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குப் பின்னால் கறுப்பாக ஓடும் சிரைகளும் கருப்பைத் தசையும் கணக்கில் வரக் கூடாது. பின்சுவரில் ஒட்டியிருந்தால் குழந்தையின் முதுகெலும்பும் கைகால்களும் நிழல் போட்டு மறைக்கும். 36 வாரத்தில் பின்சுவர் நஞ்சுக்கொடியை முழுதாகப் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் நான் கொஞ்சம் யோசிப்பேன். ஆகவே முன்சுவர், பின்சுவர், பக்கச்சுவர் என்று உங்கள் தரவைப் பிரித்துப் பாருங்கள். இன்னொன்று, தொப்புள்கொடி நடுவில் வராமல் ஓரத்தில் சேர்ந்தவர்களை எப்படி அளந்தீர்கள்? ஓரத்தில் நஞ்சுக்கொடி இயல்பாகவே மெலிந்துதான் இருக்கும். கொடி சேரும் இடத்தில் அளப்பது என்ற விதியை அங்கேயும் அப்படியே பின்பற்றினால் தவறான எண்தான் கிடைக்கும்.

சரி, அளவை சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தடிமன் என்பது நஞ்சுக்கொடியின் ஒரே ஒரு பரிமாணம்தான். அது ஒரு தட்டு. அதன் கொள்ளளவில் விட்டம் வர்க்கமாக வருகிறது, தடிமன் ஒருமுறைதான் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. தடிமனும் உள்ள தட்டையான வட்டு ஏறக்குறைய 785 கன செ.மீ. வரும். 14 செ.மீ. விட்டமும் 4 செ.மீ. தடிமனும் உள்ளது 616தான். தடிமனானது என்று நாம் மெச்சிக்கொள்வதுதான் சிறியது. உங்கள் 26 மில்லிமீட்டர் தாய்க்கு நஞ்சுக்கொடி அகலமாகப் பரந்து கருப்பையின் பாதிச் சுவரைச் சுற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். சேமித்த படங்கள் இருந்தால் பாருங்கள்.

45 மில்லிமீட்டர் தாயின் விஷயம் இன்னும் முக்கியம். அகலம் குறைந்து, பந்து போல உருண்டு, தடித்து நிற்கும் நஞ்சுக்கொடி ஒரு வகை இருக்கிறது. நீளம் 10 செ.மீ.க்கும் குறைவாகவும் தடிமன் 4 செ.மீ.க்கு மேலும் இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடித்தளம் சிறியது என்றால், தாயின் ரத்தக்குழாய்கள் வந்து திறக்கும் இடமும் குறைவு என்று பொருள். கருப்பைத் தமனி டாப்ளரிலும் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எதிர்ப்பு அதிகமாக இருந்தால், அந்தக் குழந்தை வளர்ச்சியில் பின்தங்கும் வாய்ப்பு நிறைய. இது தவிர, தாய்க்குச் சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை பொருந்தாமை, சில தொற்றுகள், குழந்தைக்கு உடலெங்கும் நீர் கோத்தல் என்று நஞ்சுக்கொடி வீங்கக் காரணங்கள் பல. சர்க்கரையில் குழந்தை பெரிதாகலாம், தொற்றில் சிறிதாகலாம். ஆக "தடிமன் கூடுதல்" என்ற ஒரே சொல்லுக்குள் எதிரெதிர்த் திசையில் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

என் ஆரம்ப காலத்தில் நானும் இப்படி ஒரு தாயிடம் தைரியம் சொன்னேன். அந்தக் குழந்தை 1900 கிராம். அன்றிலிருந்து நஞ்சுக்கொடியை வைத்து யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. எச்சரிக்கைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைக்கு டாப்ளரும் இரண்டு வாரத்தில் மறு ஸ்கேனும்தான் பதில்.

பதில் 2: எண்ணாளர்

மருத்துவப் புள்ளியியல் என் வேலை. 0.88 எப்படி வந்தது, 0.41 எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் கணக்கில் 24 வாரக் குழந்தையையும் 38 வாரக் குழந்தையையும் ஒரே படத்தில் புள்ளியாக வைத்திருக்கிறீர்கள். 24 வாரத்தில் நஞ்சுக்கொடியும் மெல்லியது, குழந்தையும் சிறியது. 38இல் இரண்டும் பெரியவை. வாரம் ஏற ஏற இரண்டும் ஏறுகின்றன, அதனால் கோடு அழகாக விழுகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உயரத்தையும் வாசிக்கும் வேகத்தையும் அளந்தால் பிரமாதமான ஒட்டுறவு வரும். ஆறாம் வகுப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் உயரமான பிள்ளை வேகமாக வாசிக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் 0.88 சொல்வது, தடிமனைப் பார்த்து கர்ப்பம் எத்தனை வாரம் என்று ஓரளவு சொல்லலாம் என்பதைத்தான். அது வேறு கேள்விக்கான விடை. அதிலும் ஒரு பக்கம் இருப்பது உண்மையான எடை இல்லை, இன்னொரு சூத்திரத்தின் மதிப்பீடு.

இரண்டாவது கணக்குதான் உங்கள் தலைப்புக்கு உரியது. எல்லோரும் 36 வாரத்தில் நிற்கும்போது வாரத்தின் பங்கு போய்விடுகிறது. மிஞ்சுவது 0.41.

இந்த 0.41க்கு என்ன பலம்? இதை வர்க்கம் செய்தால் 0.17. ஒன்றிலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.91. உங்கள் குழந்தைகளின் பிறப்பு எடையின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எடைகள் சிதறியிருக்கும் அளவு) 450 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் எதுவும் தெரியாமல் சராசரியைச் சொன்னால் பிழையின் திட்டவிலக்கம் 450. தடிமனைத் தெரிந்துகொண்டு சொன்னால் 410. அவ்வளவுதான் லாபம். 3000 கிராம் என்று நீங்கள் கணித்த குழந்தை 2200க்கும் 3800க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் பிறக்கலாம், அதையும் நூற்றுக்கு 95 பேருக்குத்தான் சொல்ல முடியும். ஹாட்லாக் போன்ற சூத்திரங்களின் பிழை பிரசவத்தை ஒட்டி அளந்தால் சுமார் 8 சதவீதம் என்று கொள்ளலாம். 3000 கிராமுக்கு 240. குழந்தையையே அளக்கும் கருவி கையில் இருக்கும்போது, நஞ்சுக்கொடியின் ஒரு கோட்டை மட்டும் அளந்து அதை முந்த முடியாது.

முடிவு புள்ளியியலில் மிகவும் முக்கியமானதாக வந்திருக்கும், பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) 0.001க்குக் கீழே இருக்கும். அதைக் காட்டி "முன்கணிக்க முடியும்" என்று எழுதிவிடாதீர்கள். தொடர்பு உண்டு என்பது ஒரு செய்தி, ஒரு குழந்தைக்குச் சொல்ல முடியும் என்பது முற்றிலும் வேறு செய்தி. பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட்டில் இரண்டு அளவீட்டு முறைகளை ஒப்பிட ஒட்டுறவு போதாது, வித்தியாசத்தைப் பாருங்கள் என்று எழுதினார்கள். நீங்களும் கணித்த எடைக்கும் பிறந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராமில் ஒவ்வொரு குழந்தைக்கும் வரையுங்கள். உங்கள் கைடுக்கு அந்த ஒரு படம் போதும்.

அப்புறம், ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் இடையில் ஒருவருக்கு மூன்று நாள், ஒருவருக்கு ஐந்து வாரம் இருந்திருக்கும். பிறந்த வாரத்துக்கு ஏற்ற சதமானமாக எடையை மாற்றாமல் எதையும் ஒப்பிடாதீர்கள்.

பதில் 3: முதல்முறை அம்மா

மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை. எனக்கு இப்போது 32 வாரம். ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடித் தடிமன் 29 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. மேலே 32க்கு 32 இருக்க வேண்டும் என்று படித்ததும் தூக்கமே போய்விட்டது. குழந்தை சிறிதாகப் பிறக்குமா?

பதில் 4: பழையபுரோப்

அம்மா, தூங்குங்கள். 29க்கும் 32க்கும் உள்ள மூன்று மில்லிமீட்டர், ஒரே தாயை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலே வரக்கூடிய வித்தியாசம். வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது தோராயமான சராசரி, அதற்கு மேலும் கீழும் ஆரோக்கியமான குழந்தைகள் நிறைய. அதுவும் 35 வாரத்தை ஒட்டி அந்தக் கணக்கே நின்றுவிடும். ரிப்போர்ட்டில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவும் எடை மதிப்பீடும் அவற்றின் சதமானமும் இருக்கும், பனிக்குட நீரின் அளவும் இருக்கும். உங்கள் மருத்துவரிடம் அவற்றைப் பற்றிக் கேளுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே போங்கள், தடிமன் எவ்வளவு இருந்தாலும் சரி.

பதில் 5: பிரசவ அறை செவிலி

எல்லோரும் ஸ்கேனைப் பேசுகிறீர்கள். நீங்கள் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பிறப்பு எடை எங்கள் தராசிலிருந்து வருகிறது, அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை.

குழந்தையைப் பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடை போட வேண்டும். முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் எடை இழக்கும். இரவு பிறந்து காலையில் எடை போட்ட குழந்தை அதே குழந்தை, எடை அதே எடை இல்லை. பதிவேட்டில் பிறந்த நேரமும் எடை போட்ட நேரமும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா எடையும் 2500, 2800, 3000 என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ கண்ணால் பார்த்து வட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

நஞ்சுக்கொடியை வெளியே வந்த பிறகு எடை போட்டால் ஸ்கேன் அளவை சரிபார்க்கலாமே என்று தோன்றும். பாருங்கள், ஆனால் எப்படி எடை போடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சவ்வையும் கொடியையும் வெட்டி நீக்கி, ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டிகளை எடுத்துவிட்டுப் போடுவது ஒரு எடை. வந்த வாக்கில் தட்டோடு வைத்துப் போடுவது இன்னொரு எடை. கொடியை உடனே கவ்விப் பிடித்தோமா, காத்திருந்தோமா என்பதும் உண்டு. ஒரு நிமிடம் காத்திருந்தால் சுமார் 80 மில்லி ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போய்ச் சேருகிறது, மூன்று நிமிடத்தில் சுமார் 100. அந்த அளவுக்குக் குழந்தை கனக்கும், நஞ்சுக்கொடி இளைக்கும். நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி அரைக் கிலோதான் என்னும்போது இது சின்ன வித்தியாசமா?

கையில் ஏந்திப் பார்த்தால் தெரியும் இன்னொன்று உண்டு. சில குழந்தைகள் நல்ல எடை, நஞ்சுக்கொடி சின்னது. சில குழந்தைகள் எலும்பும் தோலும், நஞ்சுக்கொடி மட்டும் கனமாக வரும். வழக்கமாகக் குழந்தையின் ஆறில் ஒரு பங்கு என்பார்கள், ஆனால் அந்தப் பங்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. பழைய பதிவேடுகளை வைத்து டேவிட் பார்க்கர் 1990இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் பிறந்தவர்களைப் பற்றி எழுதியதை ஒரு வகுப்பில் சொன்னார்கள். குழந்தை சிறிதாகவும் நஞ்சுக்கொடி பெரிதாகவும் இருந்தவர்களுக்குத்தான் வளர்ந்த பிறகு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததாம். அதைக் கேட்ட நாளிலிருந்து நஞ்சுக்கொடியை எடை போடாமல் வாளியில் போட எனக்கு மனம் வருவதில்லை. பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதி வைக்கிறேன்.

பதில் 6: வெண்மதி

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பழைய படங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

பழையபுரோப் மேடம், நீங்கள் சொன்னதுதான். அந்த 45 மில்லிமீட்டர் தாயின் படத்தில் நஞ்சுக்கொடியின் இரண்டு ஓரமும் ஒரே சட்டத்துக்குள் அடங்குகின்றன. 36 வாரத்தில் அப்படி அடங்கக் கூடாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அளந்தேன், 9.4 செ.மீ. கருப்பைத் தமனி டாப்ளரை நான் பார்க்கவே இல்லை, என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 26 மில்லிமீட்டர் தாய்க்கு ஒரு ஓரம்கூடப் படத்தில் முழுதாக இல்லை. முன்சுவரிலிருந்து பக்கச்சுவர் வரை போய்க்கொண்டே இருக்கிறது.

எண்ணாளர் சார், வித்தியாசத்தைக் கிராமில் வரைந்தேன். ஒரு குழந்தைக்கு 900 கிராம் வரை தப்பாகச் சொல்லியிருப்பேன். கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "முடிவு எதிர்மறையாக வந்தாலும் எழுது, ஆனால் ஒழுங்காக எழுது" என்றார்.

பிறப்பு எடைகளையும் பார்த்தேன், சிஸ்டர். ஏறக்குறைய பாதி முழு நூறாக, 00இல் முடிகின்றன.

இப்போது கேட்க விரும்புவது: தடிமன் போதாது என்றால் முழுக் கொள்ளளவையும் அளந்தால் நிலைமை மாறுமா? எங்கள் மெஷினில் முப்பரிமாண வசதி இருக்கிறது. எந்த வாரத்தில் அளப்பது?

பதில் 7: பழையபுரோப்

மாறும், ஆனால் 36 வாரத்தில் இல்லை. அப்போது நஞ்சுக்கொடி புரோபின் பார்வைக்குள் அடங்காது. அடங்குவது உங்கள் 9.4 போன்ற ஒன்றுதான், அது அடங்கினாலே செய்தி.

முன்னாலே போங்கள். நஞ்சுக்கொடி முந்தி வளர்கிறது, குழந்தை பிந்தி வளர்கிறது. முதல் மூன்று மாதத்தில் குழந்தையைவிட நஞ்சுக்கொடியே கனம். 16 வாரத்தை ஒட்டி இரண்டும் ஏறக்குறைய சமம். அதன் பிறகுதான் குழந்தை ஓடத் தொடங்குகிறது. எனவே பின்னால் பட்டினி கிடக்கப்போகும் குழந்தைக்கு, அது இன்னும் எந்த அளவிலும் பின்தங்காத காலத்திலேயே நஞ்சுக்கொடி சிறுத்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த நம்பிக்கையில்தான் 11 முதல் 14 வார ஸ்கேனில் கொள்ளளவை அளக்கும் ஆய்வுகள் வந்தன. அப்போது முழு நஞ்சுக்கொடியும் ஒரே படத்தில் வரும். முப்பரிமாணப் படத்திலிருந்து கொள்ளளவைக் கணக்கிடும் வோகல் மென்பொருளில் 30 பாகை வீதம் திருப்பினால் ஆறு முறை ஓரத்தைக் கையால் வரைய வேண்டும், அது கொள்ளளவைத் தரும். குழந்தையின் நீளத்தால் வகுத்து வைத்துக்கொண்டால் ஒரு வாரம் முன்பின் வந்தவர்களையும் ஒப்பிடலாம். பிற்பாடு சிறுத்துப் பிறந்தவர்களுக்குச் சராசரியில் இது குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். ஆனால் எண்ணாளர் சொன்ன அதே கேள்வி இங்கேயும் வரும். சராசரியில் குறைவு என்பதால் இந்த ஒரு தாய்க்குச் சொல்லிவிட முடியாது. கொள்ளளவு மட்டும் தனியாக நின்று பெரும்பாலான குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில்லை. கருப்பைத் தமனி டாப்ளர், தாயின் ரத்த அழுத்தம், ரத்தத்தில் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியின் அளவு இவற்றோடு சேர்த்து வைத்தால்தான் அது பேசும்.

முப்பரிமாணம் இல்லாத இடத்துக்கு யேல் பல்கலைக்கழகத்தின் ஹார்வி கிளைமன் ஒரு வழி கொடுத்திருக்கிறார். கணிதம் அறிந்த தன் தந்தையின் துணையோடு செய்தது. சாதாரணப் படத்தில் மூன்றே அளவு: ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேர்கோட்டில் அகலம், அந்தக் கோட்டிலிருந்து வளைவின் உச்சி வரை உயரம், அந்த இடத்தில் தடிமன். நஞ்சுக்கொடியைக் கவிழ்த்த கிண்ணமாகப் பாவித்துச் சூத்திரம் கொள்ளளவைச் சொல்லும். ஒரு நிமிட வேலை. பின்சுவரிலும் பிந்திய வாரங்களிலும் இதுவும் தடுமாறும். என்றாலும் தடிமன் என்ற ஒற்றைக் கோட்டை விட நூறு மடங்கு நேர்மையான அளவு.

20 வார ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் இந்த மூன்றையும் எடுங்கள். கொடி எங்கே சேருகிறது என்று எழுதுங்கள், நடுவிலா, ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்குள்ளா, இல்லை வெறும் சவ்விலா என்று. படிவத்தில் கருப்பைத் தமனிக்கு ஒரு கட்டம் போடுங்கள். புதுத் தாய்மாரைச் சேர்க்க நேரம் இல்லை என்றால், சேமித்த 24 வாரப் படங்களில் எத்தனையில் இரண்டு ஓரமும் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

பதில் 8: எண்ணாளர்

அந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடை மதிப்பீட்டுச் சதமானம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதோடு நஞ்சுக்கொடியின் அளவைச் சேர்த்தால், சிறுத்துப் பிறந்த குழந்தைகளில் கூடுதலாக எத்தனை பேர் பிடிபடுகிறார்கள், வீணாக எத்தனை தாய்மார் பயமுறுத்தப்படுகிறார்கள்? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சூத்திரத்தை ஒரு பாதித் தரவில் செய்து, தொடாத மறு பாதியில் சோதியுங்கள். செய்த தரவிலேயே சோதித்தால் எந்தச் சூத்திரமும் நன்றாகத்தான் தெரியும்.

பதில் 9: வெண்மதி

படிவத்தை மாற்றிவிட்டேன். அகலம், உயரம், தடிமன், கொடி சேரும் இடம், சுவர், கருப்பைத் தமனி இரண்டு பக்கமும், அளந்த நேரம். பிரசவ அறையில் பேசி, எடை போட்ட நேரத்தையும் எழுதச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். நஞ்சுக்கொடிக்குத் தனித் தராசு ஒன்றும் வந்திருக்கிறது.

2150 கிராம் குழந்தையின் அம்மாவைத் தடுப்பூசிக்கு வந்தபோது பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னது தவறான ஆறுதல் என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த முறை கர்ப்பமானால் முதலிலேயே டாப்ளர் பார்க்கச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, இந்தக் கர்ப்பத்தின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை 22 வாரத்தில் ஒருவர். முன்சுவர், தடிமன் 41 மில்லிமீட்டர் காட்டியது. எழுதாமல், வெளியே உட்காரச் சொன்னேன். 35 நிமிடம் கழித்து அதே இடத்தில் 24.